‘தங்கக் குளோரைடு’ என்று வாங்கிய குப்பியில் பாதிதான் தங்கம்: இது சரியா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். முதுகலை மாணவர்களுக்குத் தங்க நானோ துகள்களைச் செய்து காட்ட வேண்டும் என்று துறைத் தலைவரிடம் பல மாதங்கள் கேட்டு, ஒருவழியாக 1 கிராம் தங்கக் குளோரைடு வாங்க அனுமதி பெற்றேன். விலைப்பட்டியலில் ‘ஆரிக் குளோரைடு’ என்றுதான் இருந்தது. தங்க ட்ரைகுளோரைடு என்றால் எடையில் 64.9 விழுக்காடு தங்கம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கரைசல்களின் செறிவையும் அதன்படியே குறித்து வைத்திருந்தேன். வந்து சேர்ந்த குப்பியின் முகப்புத் தாளிலோ, தங்கம் 49 விழுக்காட்டுக்குக் குறையாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கொடுத்த விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இது தரக்குறைவான சரக்கா, அல்லது என் புரிதலில் பிழையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. குப்பியைத் திறந்தபோது உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் அழகான ஊசிப் படிகங்கள் இருந்தன. எஃகுக் கரண்டியால் சிறிதளவு எடுத்து எடைத்தட்டில் வைத்தேன். தராசின் எண் நிலைகொள்வதற்குள் படிகங்கள் வியர்த்து, விளிம்பில் மஞ்சள் நீர் கோத்துக்கொண்டது. எண்ணும் ஏறிக்கொண்டே போனது. கரண்டியின் நுனி கருத்துவிட்டது. அன்று மாலை என் வலக்கை விரல்களில் ஊதா நிறக் கறை தோன்றியது; எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மீதமுள்ள உப்பை 110 பாகை வெப்பத்தில் உலர்த்திவிட்டு எடை போடலாமா?

மூன்றாவதாக ஒரு வேண்டுகோள். நானோ துகள் தவிர இந்த உப்பு வேறு எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று மாணவர்கள் கேட்டால், பாடநூலைத் தாண்டிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கையாண்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

சோதனைக்குழாய் எழுதியது:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து உலர்த்தும் அடுப்பில் வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

உங்களை வணிகர் ஏமாற்றவில்லை, பெயர் ஏமாற்றியிருக்கிறது. ‘தங்கக் குளோரைடு’ என்ற ஒரே பெயரில் கடைகளில் நான்கு பொருட்கள் உலவுகின்றன. நீரற்ற தங்க ட்ரைகுளோரைடு அடர்சிவப்பு நிறமுடையது. நீங்கள் கணக்கிட்ட 64.9 விழுக்காடு அதற்குரியது. மூன்று நீர் மூலக்கூறுகளுடன் படிகமாகும் டெட்ராகுளோரோ ஆரிக் அமிலம் மஞ்சள் முதல் ஆரஞ்சு வரையிலான நிறத்தில் இருக்கும். அதன் மூலக்கூற்று எடை 393.8, தங்கத்தின் அணு எடை 197 என்பதால் சரிபாதி, அதாவது 50 விழுக்காடு தங்கம். அந்த அமிலத்தின் சோடியம் உப்பு இரண்டு நீர் மூலக்கூறுகளுடன் 49.5 விழுக்காடும், நீரற்ற பொட்டாசியம் உப்பு 52.1 விழுக்காடும் தங்கம் கொண்டவை. உங்கள் குப்பியில் இருப்பது இரண்டாவது பொருள். உப்பு என்று எல்லோரும் சொன்னாலும் இலக்கணப்படி அது ஓர் அமிலம், அதுவும் வலிமையான அமிலம். அடுத்த முறை வாங்கும்போது பெயரை நம்பாமல், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாக வழங்கப்படும் அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள்: நீரற்ற ட்ரைகுளோரைடுக்கு 13453-07-1, உங்களிடம் உள்ள அமிலத்துக்கு 16961-25-4. நானோ துகள் செய்வதற்கு அமிலமே வழக்கமான பொருள் என்பதால், நீங்கள் வாங்கியதில் தவறேதும் இல்லை. செறிவுக் கணக்கை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.

படிகங்கள் வியர்த்ததைக் கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துபோகும் இயல்புடையது. போதாக்குறைக்கு 30 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கும் பொருள் இது. நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் எந்த ஆய்வகம் 30 பாகைக்குக் கீழே இருக்கிறது? சூடாக்கினால் நீர் மட்டும் போகாது. ஹைட்ரஜன் குளோரைடும், வெப்பம் கூடக்கூடக் குளோரினும் வெளியேறி, ஒருவலுத் தங்கக் குளோரைடாகவும் (தங்கம் ஓர் எலெக்ட்ரானை மட்டும் இழந்து நிற்கும் நிலை) இறுதியில் வெறும் தங்கமாகவும் சிதைந்துவிடும். கையில் மிஞ்சுவது எந்த விகிதக் கலவை என்பதே தெரியாமல் போகும்.

கரண்டி கருத்ததும் விரல் கறைபட்டதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். நான்கு குளோரின்களுக்கு நடுவே, மூன்று எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்து நிற்கும் தங்கம், அவற்றை யாரிடமிருந்தாவது திரும்பப் பெற்று மீண்டும் உலோகமாகிவிடத் துடிக்கிறது. எஃகிலுள்ள இரும்பு கொடுத்தது, அங்கே தங்கம் படிந்து கருத்தது. உங்கள் தோலின் புரதம் கொடுத்தது, அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் படிந்து ஊதாவாகத் தெரிகிறது. ஒரு வகையில் நீங்கள் செய்ய விரும்பிய நானோ துகள்களை உங்கள் விரலிலேயே செய்துவிட்டீர்கள். தோல் உரியும்போது கறையும் போய்விடும்; ஆனால் இது அரிக்கும் பொருள், ஒவ்வாமையும் உண்டாக்கும், ஆகவே இனிக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உலோகக் கரண்டிக்குப் பதில் டெஃப்லான் அல்லது பிளாஸ்டிக் கரண்டியைப் பயன்படுத்துங்கள். ஒளியும் இதைச் சிதைக்கும் என்பதால் பழுப்பு நிறப் புட்டி வேண்டும்.

நான் பணியில் இருந்த காலத்தில் இதை எடை போடவே மாட்டோம். குப்பி முழுவதையும் அப்படியே நீரில் கரைத்து, கழுவிய நீரையும் சேர்த்து 100 மில்லிலிட்டருக்கு நிரப்பிவிடுவோம். அதுவே ஏறக்குறைய 1 விழுக்காட்டுக் கரைசல். மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் பல மாதங்கள் இருக்கும். துல்லியமான செறிவு வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துத் தங்கத்தை வீழ்படிவாக்கி எடை போட்டுக்கொள்ளலாம்.

நானோ துகளுக்கு 1951-இல் டர்க்கெவிச் குழுவினர் வெளியிட்டு, 1973-இல் ஃப்ரென்ஸ் செம்மைப்படுத்திய சிட்ரேட் முறையே வகுப்புக்கு ஏற்றது. 0.01 விழுக்காட்டுக் கரைசல் 50 மில்லிலிட்டரைக் கொதிக்கவைத்து, 1 விழுக்காட்டு டிரைசோடியம் சிட்ரேட் கரைசல் 1 மில்லிலிட்டரைச் சட்டென்று சேர்த்தால் ஏறத்தாழ 16 நானோமீட்டர் துகள்கள் கிடைக்கும். வெளிர்மஞ்சள் முதலில் நிறமற்றுப் போகும், பிறகு மை கலந்தாற்போல் கருநீலமாகும், அதன்பின் ஊதா வழியாக நாவற்பழச் சாறு போன்ற சிவப்புக்கு வரும். மாணவர்கள் அந்தச் சில நிமிடங்கள் மூச்சுவிட மறந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிட்ரேட்டைக் குறைத்தால் துகள் பெரிதாகும். ஒரே ஒரு நிபந்தனை, கண்ணாடிக் கலன்கள் மாசற்றிருக்க வேண்டும். சிவந்த கரைசலில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் காட்டுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தோன்றும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இத்தகைய தங்கத் துகள்களால் ஆனதே. ஒரு முறைக்கு 5 மில்லிகிராம் உப்புதான் செலவாகும் என்பதால், உங்கள் ஒரு கிராமில் 200 முறை செய்யலாம். வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணியும் என்று நம்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கரைசலும் அம்மோனியாவும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. உருவாகும் வீழ்படிவு உலர்ந்ததும் லேசான உரசலுக்கே வெடிக்கும். கழிவுக் கலனில் யாரோ அம்மோனியா கரைசலை ஊற்றிவிடுவதுதான் நடைமுறையில் நேரக்கூடிய ஆபத்து; ஆகவே தங்கக் கழிவுக்குத் தனிப் புட்டி வைத்து, பெயரெழுதி ஒட்டுங்கள்.

மஞ்சள்முலாம் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் கோயம்புத்தூரில் கவரிங் நகைகளுக்கு முலாம் பூசும் சிறிய பட்டறை நடத்துகிறேன். நாங்கள் ‘கோல்ட் சால்ட்’ என்று சொல்லி வாங்குவது உங்கள் குப்பியில் உள்ள பொருள் அன்று. அது பொட்டாசியம் கோல்ட் சயனைடு. வெண்மையான படிகம், ஈரத்துக்கு இவ்வளவு கூச்சப்படாது, நீரில் எளிதில் கரையும். கொள்முதல் செய்யும்போது நாங்கள் பார்க்கும் எண் 68.3, ஒரு கிராம் உப்பில் 683 மில்லிகிராம் தங்கம் என்று பொருள். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது.

தங்கக் குளோரைடு கரைசலில் ஒரு செம்பு வளையலை நனைத்தால் என்ன ஆகும்? மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே செம்பு கரைந்து, அதன் இடத்தில் தங்கம் அவசர அவசரமாகப் பழுப்புத் தூளாகப் படியும். துணியால் துடைத்தால் வந்துவிடும். பெரியவர் ‘சோதனைக்குழாய்’ சொன்ன அந்தத் துடிப்புதான் எங்களுக்குப் பகை. சயனைடில் தங்கம் ஒருவலு நிலையில், இரண்டு சயனைடு அயனிகளுக்கு நடுவே இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. கணக்கில் சொன்னால், குளோரைடில் உள்ள தங்கத்தின் நியம மின்னழுத்தம் ஏறத்தாழ நேர்குறி 1 வோல்ட், சயனைடில் உள்ளதற்கு ஏறத்தாழ எதிர்குறி 0.6 வோல்ட். அதனால் தானாகப் படிய அவ்வளவாக விரும்பாது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து நாங்கள் கொடுக்கும் மின்னோட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு, அடுக்கடுக்காக, இறுக்கமாகப் படியும். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றது இந்தச் சயனைடுக் குளியலுக்குத்தான். தொழில் இன்றும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் நடக்கிறது.

ஒருவலு என்பதால் மின்சாரமும் மிச்சம். இழப்பே இல்லை என்று கொண்டால் ஓர் ஆம்பியர்-மணிக்கு 7.35 கிராம் தங்கம் படியும். மூவலுத் தங்கமாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

வீட்டில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 6 சென்டிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் பருமனும் உள்ள உருண்டைக் கம்பி வளையலின் மேற்பரப்பு ஏறக்குறைய 24 சதுர சென்டிமீட்டர். அதில் 0.1 மைக்ரான் பூச்சுக்கு 4.6 மில்லிகிராம் தங்கம் போதும். ஒரு கிராம் உப்பில் கணக்குப்படி 150 வளையல் பூசலாம். வளையலோடு ஒட்டிக்கொண்டு கழுவுநீருக்குப் போவதைக் கழித்தால் எண்ணிக்கை குறையும். ஒரு மைக்ரான் வேண்டுமென்றால் 15 வளையலோடு உப்பு தீர்ந்துவிடும். ‘ஒரு வருட கேரண்டி’ என்று எழுதியிருக்கும் நகைக்கும் ஒரே மாதத்தில் செம்பு தெரியும் நகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. செம்பின் மேல் நேராகப் பூசினால் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்துவிடும் என்பதால் இடையில் நிக்கல் பூசுவது வழக்கம். ஆனால் நிக்கல் ஒவ்வாத தோல் உள்ளவர்களுக்குக் காதுமடல் புண்ணாவதும் அதனால்தான்.

ஆனால் கல்லூரியில் இதை வாங்கிச் செய்து காட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சயனைடு உப்பு உயிரைப் பறிக்கும் நஞ்சு. அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். எங்கள் பட்டறையில் அமிலத் தொட்டியின் வடிகாலும் முலாம் தொட்டியின் வடிகாலும் சுவரின் எதிரெதிர்ப் பக்கங்களில் செல்லும். கட்டடம் கட்டிய கொத்தனார் ஒரே குழாயில் விட்டால் செலவு குறையும் என்று சொன்னபோது, என் தந்தையார் கோபித்துக்கொண்டு வேலையையே நிறுத்திவிட்டார். மின்னணுப் பாகங்களுக்குச் சயனைடு இல்லாத தங்க சல்ஃபைட் குளியலும் உண்டு; அதைக் காரநிலையிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிதைந்துவிடும்.

இருட்டறைவாசி எழுதியது:

முலாம்காரர் பகை என்று சொன்ன அதே இடப்பெயர்ச்சியை நாங்கள் கும்பிட்டு வரவேற்கிறோம் என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். நான் பழைய முறைகளில் கையால் ஒளிப்படத் தாள் தயாரித்து அச்சிடுபவன். தங்கக் குளோரைடு எங்கள் இருட்டறையில் துளித் துளியாகச் செலவாகும் பொருள்.

வெள்ளியால் ஆன படத்தை மிக நீர்த்த தங்கக் கரைசலில் மிதக்கவிட்டால், வெள்ளித் துகள்களின் மேற்பரப்பு கரைந்து அந்த இடத்தில் தங்கம் அமரும். செங்கல் நிறத்தில் இருந்த படம், தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கும்போதே, கத்தரிக்காய்த் தோலின் கருஊதாவை நோக்கி நகர்வதைக் கண்ணெதிரே காணலாம். நிறத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியை அரித்துப் படத்தை மங்கச் செய்யும். தங்கத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் பதிக்கும் தொடக்ககால முறையான டாகுரோடைப் தகடுகளுக்கு இந்தத் தங்கப் பூச்சை 1840-இல் அறிமுகப்படுத்தியவர் ஃபிசோ. ஒளியின் வேகத்தை அளந்தாரே, அதே ஃபிசோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முட்டை வெண்கருத் தாளில் அச்சிட்ட படங்களுக்குத் தங்கம் ஏற்றுவது அன்றாட வேலையாகவே இருந்தது.

ஆசிரியைக்குப் பயன்படக்கூடிய நுட்பம் ஒன்று. குளோரைடில் தங்கம் மூவலு நிலையில் இருப்பதால், ஓர் அணு தங்கம் படிய மூன்று அணு வெள்ளி போய்விடுகிறது, படம் வெளிறும். அதனால் நாங்கள் சற்று அடர்த்தியாகவே அச்சிடுவோம். தயோசயனேட் சேர்த்துத் தங்கத்தை ஒருவலு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம், வெளிறல் குறைவு. ஆக்சிஜனேற்ற எண் என்பது தேர்வுக்காக மட்டும் இல்லை என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தயோசயனேட்டை மட்டும் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கிவிடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. இப்போதே கழிவுப் புட்டிக்குப் பெயரெழுதி ஒட்டிவிட்டேன். மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி: கடையில் 24 காரட் தங்க நாணயம் வாங்கி, ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களின் கலவை) கரைத்து நாமே இந்த உப்பைச் செய்துகொண்டால் பாதி விலையில் முடியாதா?

சோதனைக்குழாய் எழுதியது:

முடியும், பல ஆய்வகங்கள் செய்வதும் உண்டு. ஆனால் ராஜதிராவகத்திலிருந்து வரும் குளோரினும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெளியேறத் தரமான புகைப்போக்கி அறை வேண்டும், எஞ்சிய நைட்ரிக் அமிலத்தைப் பலமுறை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சுண்டவைத்து நீக்க வேண்டும், நாணயத்திலிருக்கும் சிறிதளவு வெள்ளி வெண்குளோரைடாகப் படிந்தால் வடிகட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கிடைப்பது, நீங்கள் வாங்கிய அதே ஆரஞ்சு நிறப் படிகம். மாணவர்களுக்குக் கதையாகச் சொல்லலாம். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, இயற்பியலாளர் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த, ஜெர்மானிய இயற்பியலாளர்கள் லாவே, ஃபிராங்க் ஆகியோரின் நோபல் பதக்கங்களை அங்கே பணிபுரிந்த வேதியியலாளர் ஹெவெசி ராஜதிராவகத்தில் கரைத்தார். அந்த ஆரஞ்சு நீர் போர் முடியும்வரை அலமாரியில் சீண்டுவாரின்றி இருந்தது. பிறகு தங்கம் மீட்கப்பட்டு, பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. அந்தக் குடுவையில் இருந்தது உங்கள் குப்பியில் இருக்கும் சேர்மமேதான்.

நாணயத்தை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் செய்து பாருங்கள். கரைசலில் சிறிது எடுத்து அமிலநிலையில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்துத் தங்கத்தை மீட்டு எடை போடுங்கள். வடிநீரில் ஸ்டேனஸ் குளோரைடு ஒரு துளி விட்டு, காசியஸ் ஊதா என்னும் நிறம் தோன்றவில்லை என்பதை உறுதி செய்துகொண்டால் தங்கம் முழுவதும் இறங்கிவிட்டது என்று பொருள்.

வைகைக்கரை எழுதியது:

செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன். குப்பி, எடைத்தட்டு ஆகியவற்றைக் கழுவிய நீரையும் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கி, அதில் 20 மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டோம். ஃபெரஸ் சல்பேட் விட்டதும் கரைசல் கலங்கி, சற்று நேரத்தில் அடியில் காப்பித்தூள் போன்ற ஒன்று இறங்கியது. மாணவர்கள் அதைத் தங்கம் என்று ஒப்புக்கொள்ளவே மறுத்தார்கள். ஸ்டேனஸ் குளோரைடு சோதனையில் வடிநீர் நிறம் மாறவில்லை. வடிகட்டிக் கழுவி, புடக்குகையில் சுட்டு எடை பார்த்தபோது 97.1 மில்லிகிராம் வந்தது. ஆக மொத்தக் கரைசலில் 485.5 மில்லிகிராம். முகப்புத் தாள் சொன்ன 490-க்கு 4.5 மில்லிகிராம் குறைகிறது. அதில் ஒரு பங்கு எஃகுக் கரண்டியிலும் இன்னொரு பங்கு என் வலக்கை விரல்களிலும் இருப்பதாக மாணவர்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். குகையிலிருந்த பழுப்புத் தூளை ஒரு மாணவி கண்ணாடித் தண்டின் முனையால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடம் மட்டும் மஞ்சளாக மின்னியது.